புங்கமரம் கேட்டால் பாலிஷ் தருகிறார்கள்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். எனக்கு அது மத்தியானம் இரண்டேகாலுக்கு, கார் கதவைத் திறக்கும்போது தெரிகிறது.

ஆறு மணி ஷிப்ட். ஓசூரில் ஐந்தரைக்குக் கிளம்பி, ஜூஜூவாடியில் மாநில எல்லையைத் தாண்டி, பெங்களூர் ஓரத்து அத்திபெலே தொழிற்பேட்டைக்குள் நுழையும்போது ஸ்வெட்டர் போட்டிருக்கலாமோ என்று தோன்றும். அந்தக் குளிரில் வண்டியை எங்கே விட்டால் என்ன என்று விட்டுவிட்டுப் போகிறேன். எட்டு மணி நேரம் கழித்து வந்து கதவைத் திறந்தால் செங்கல் சூளை. சீட் பெல்ட் கொக்கியைத் தொட்டுவிட்டுக் கையை உதறுகிறேன். ஸ்டீயரிங்கை, சுடச்சுடக் காபி டம்ளரைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்துத் திருப்புகிறேன். "ஏன் மாடோது சார், நெரளே இல்லா" என்கிறார் வாட்ச்மேன். என்ன செய்வது, நிழலே இல்லையே என்று அனுதாபம். ஊர்ப் பேரில் அத்தி இருக்கிறது. வண்டி நிறுத்தும் இடத்தில் அத்தியும் இல்லை, ஆலும் இல்லை. மேனேஜர்களின் நாலு காருக்கு மட்டும் தகர ஷெட்.

எங்கள் டேஷ்போர்டுப் பிள்ளையாரைச் சொல்லவேண்டும். வண்டி எடுத்த அன்று டபுள் சைடு டேப்பில் நடுநாயகமாக உட்காரவைத்தோம். சித்திரை வெயிலில் பசை இளகிவிட்டது. ஒவ்வொரு பிரேக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, இப்போது இடதுபக்க ஏசி துவாரத்துக்கு எதிரில் போய் உட்கார்ந்திருக்கிறார். "எங்கே காத்து வரும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத்தான் தெரியலை" என்கிறாள் மனைவி. அவர் கிளம்பிவந்த இடத்தில் ஒரு பழுப்புச் சதுரம். லாரிகள் கிளப்பும் நெடுஞ்சாலைப் புழுதி எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு, சுரண்டினாலும் போகாமல் கிடக்கிறது.

ஒரு கடையில் போய் ஆலோசனை கேட்டேன். "ஒரு கோட் பாலிஷ் அடிச்சா ஷோரூம்ல எடுத்த மாதிரி மின்னும் சார்" என்றார் கடைக்காரர். மின்னியது. மறுநாள் டோல்கேட் வரிசையில் நின்றபோது டேஷ்போர்டின் பளபளப்பு முழுக்க முன்கண்ணாடியில் தெரிந்தது. முன்னால் நின்ற லாரி தெரியவில்லை. ஒரு வாரத்தில் அந்த எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி படிந்து, விரலால் கையெழுத்தே போடலாம் போல ஆகிவிட்டது.

பிறகுதான் விஷயத்தைக் கற்றுக்கொண்டேன். டேஷ்போர்டின் மேல்தோல் பல வண்டிகளில் பிவிசி வகைப் பிளாஸ்டிக். அதை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்து சூட்டில் கசிந்து ஆவியாகி, கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாகப் படிகிறது. சத்து போன தோல் விறைத்து வெடிக்கிறது. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்தது. புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. என் வலது முழங்கை மட்டும் கறுத்துப்போனதன் ரகசியம் இதுதான். பெங்களூர் குளுகுளு ஊர் என்ற பேச்சை நம்பவேண்டாம். கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே புற ஊதாக் கதிர் கூடுதலாகவே இறங்கும். 2016 ஏப்ரலில் இதே நகரத்தில் 39.2 டிகிரி அடித்தது.

சரி, கண்ணாடிக்கு பிலிம் ஒட்டலாம் என்றால் அது ஒரு பெரிய வழக்கு. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எந்த பிலிமும் கூடாது என்றது. 2021 ஏப்ரல் முதல் விதி மாறி, தரச் சான்று பெற்ற பிலிம் ஒட்டலாம், முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வந்தால் போதும் என்றானது. 2024இல் கேரள உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால் என்னுடையது டிஎன் 70 வண்டி; தினமும் இரண்டு மாநிலப் போலீஸைத் தாண்டுகிறேன். கை காட்டி நிறுத்தினால் நடுரோட்டில் விதி எண்ணை எத்தனை பேருக்கு, எந்தெந்த மொழியில் விளக்குவது? ஒட்டவில்லை.

தண்ணீர் ஊற்றிக் கழுவவும் மனம் வராது. 2024 மார்ச் தட்டுப்பாட்டில், குடிநீரில் வண்டி கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் அறிவித்தது மறக்கவில்லை. நல்லவேளையாக, காரின் உள்பக்கத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் தேவையில்லை. முதலில் வேக்குவம் போட்டுப் புழுதியை எடுக்கவேண்டும். காய்ந்த துணியால் அரக்கினால் புழுதியே உப்புத்தாளாகிக் கீறிவிடும். ஏசி துவாரங்களுக்குப் பழைய பெயின்ட் பிரஷ் போதும். அப்புறம் அரை மக் தண்ணீரில் இரண்டு சொட்டு பேபி ஷாம்பு, பிழிந்த மைக்ரோஃபைபர் துணி. கடைசியில் மின்னாத, தண்ணீரில் கரைந்த வகைப் பூச்சு. நிறுத்தியதும் முன்கண்ணாடிக்கு வெள்ளித் தடுப்பு.

இத்தனையும் செய்கிறேன். செய்தும் சூளை சூளைதான். அமெரிக்காவின் அரிசோனாவில் 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரி 69 டிகிரி, ஸ்டீயரிங் 53. நிழலில் நின்றவற்றின் டேஷ்போர்டு 48, ஸ்டீயரிங் 42. வித்தியாசம் 21 டிகிரி! எந்த பாட்டில் பாலிஷ் இதைத் தரும்?

ஆகவே அலுவலகத்தில் கேட்டேன். ஷெட் வேண்டாம், ஓரமாக நாலு மரக்கன்று வைக்க இடம் கொடுங்கள் என்றேன். "லேஅவுட்டில் இல்லை" என்றார்கள். மேனேஜர் ஷெட் எந்த லேஅவுட்டில் இருந்ததோ! பிறகு, என் நச்சரிப்புக்குப் பரிகாரம்போல, ஆயுத பூஜைக்கு எல்லாருக்கும் ஆளுக்கொரு பாட்டில் டேஷ்போர்டு பாலிஷ் கொடுத்தார்கள்.

நாம் புங்கை என்பதை இங்கே ஹொங்கே என்கிறார்கள். எல்லையின் இரண்டு பக்கமும் தானாக வளரும் மரம், குளுமையான நிழல். என் கார் லோன் முடிய இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. தொழிற்சாலை வைத்திருக்கும் ஐயாமார்களே, இந்த ஆடியில் ஒரு கன்று வைத்தால், லோன் முடிவதற்குள் அதன் நிழல் என் பானெட் வரைக்குமாவது வந்துவிடும்.