காவல் துறையின் ஏடும் பினாங்குப் பிரஜையும்

ஆண்டுதோறும் மார்ச் 25ஆம் தேதி மலேசியக் காவல் துறை கொண்டாடுகிற போலீஸ் தினம் கோலாலம்பூரில் எந்த அமைச்சரும் நாள் பார்த்துக் குறித்துக் கொடுத்த தினமன்று. 1807ஆம் ஆண்டு அதே தேதியில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் பினாங்குத் தீவுக்கு வழங்கிய நீதிச் சாசனத்தை ஆதாரமாகக் கொண்டு, இந்த ஜார்ஜ் டவுன் மண்ணிலேயே தன் ஜனனத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது அந்தப் படை. 1786இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய நாள்தொட்டு 21 ஆண்டு காலம் இங்கே வியாபாரம் தழைத்திருந்தது. அபினிக்கும் சாராயத்துக்கும் குத்தகைதாரர்கள் இருந்தார்கள். மன்னரின் அங்கீகாரம் பெற்ற நீதிமன்றம் ஒன்றுதான் இருக்கவில்லை. சில்லறைத் தகராறுகளை அந்தந்தச் சமூகத்துத் தலைவர்களான கப்பித்தான்மார் தீர்த்து வைத்தார்கள். சாசனம் வந்த பிறகே குற்றம் என்பது ஒரு சமூகத்தின் உள்விவகாரமாக இருந்த நிலை மாறி, ஏட்டில் பதிவாகிப் பகிரங்கமாக விசாரிக்கப்பட வேண்டிய பொது விஷயமாயிற்று. அந்த ஏடு இப்போது யார் கையில் இருக்கிறது, அதைப் பினாங்குவாசி எவ்வளவு தூரம் புரட்டிப் பார்க்க முடிகிறது என்பதைப் பற்றியே இங்கு எழுதப் புகுகிறேன்.

போலீஸையும் குற்றவியல் சட்டத்தையும் நீதி பரிபாலனத்தையும் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை கூட்டரசின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே மாநிலப் போலீஸ் தலைமையகம் பினாங்கு சாலையில் நின்றாலும், வடகிழக்கு மாவட்டத் தலைமையகம் பட்டாணி சாலையில் நின்றாலும், கொம்தார் கோபுரத்தில் அமர்ந்திருக்கும் மாநில முதலமைச்சர் அவற்றுக்கு எஜமானர் அல்லர். ஏட்டுக்கும் எஜமானர் கூட்டரசுதான். சென்ற சில ஆண்டுகளில் அந்த ஏட்டின் சில பக்கங்களைக் கூட்டரசு இணையத்தில் விரித்து வைத்திருக்கிறது என்பதையும், அதற்கு நன்றி பாராட்டாமல் குறை கூறத் தொடங்குவது நியாயமாகாது என்பதையும் முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஒரு காலத்தில் வக்கீல்களின் அலமாரியில் தடித்த பைண்டு புத்தகங்களாக அடுக்கியிருந்த தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இன்று அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் துறையின் அகப்பக்கத்தில், 574ஆம் சட்டம், 593ஆம் சட்டம் என்று எண்ணைத் தட்டினால், காசு கேட்காமல் கண்முன் வந்து நிற்கின்றன. நீதித் துறையின் அகப்பக்கத்தில் தீர்ப்புகளின் காரண விளக்கங்கள் கிடைக்கின்றன.

வணிகக் குற்றப் புலனாய்வுத் துறையின் செமாக் மியூல் என்னும் பக்கத்தில், பணம் அனுப்பச் சொல்லித் தொந்தரவு செய்கிறவன் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ இட்டுப் பார்த்தால், அதன்மீது முன்பே புகார் உண்டா என்பது தெரிந்துவிடும். மக்காவ் ஸ்கேம் என்று ஊரறிந்த தொலைபேசி மோசடியில் வாழ்நாள் சேமிப்பைக் கண்மூடித் திறப்பதற்குள் பறிகொடுத்த ஓய்வூதியக்காரர்கள் இத்தீவில் பலர். அவர்களுக்கு இந்தப் பக்கமும், 2022 அக்டோபரில் திறக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்னும் எண்ணும் அற்ப உதவியல்ல. புகார் இல்லாத எண் என்பதாலேயே அது யோக்கியமான எண் ஆகிவிடாது என்ற எச்சரிக்கையை மட்டும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நேற்றுத் திறந்த கணக்கின்மீது இன்று யார் புகார் கொடுத்திருப்பார்? ஊழல் தடுப்பு ஆணையமோ ஒரு படி மேலே போய், தண்டிக்கப்பட்டவர்களின் பெயரையும் முகத்தையும் தன் அகப்பக்கத்தில் பதிப்பித்து வருகிறது. பெரிய வழக்குகள் மேல்முறையீடுகளில் ஆண்டுக்கணக்காக இழுபட, சிறு தொகைக்காகத் தலைகுனிந்தவர்களின் முகங்கள் அந்த வரிசையில் முந்திக்கொண்டு நிற்பது எனக்கு உவப்பானதாக இல்லை என்றாலும், அது வேறொரு கட்டுரைக்கான விஷயம்.

இவற்றையெல்லாம் ஒருசேரப் பார்க்கும்போது ஒரு குணம் புலப்படுகிறது. இந்தப் பக்கங்கள் பிரஜையை எச்சரிக்கின்றன, உபதேசிக்கின்றன, அவனிடமிருந்து வரவேண்டியதை வசூலிக்கின்றன. அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என்ற காரியத்தில்தான் அவை தயங்குகின்றன. போக்குவரத்துச் சம்மன்களுக்காகப் போலீஸ் ஏற்படுத்தியிருக்கும் மைபாயார் என்னும் பக்கத்தைப் பாருங்கள். அடையாள அட்டை எண்ணை இட்ட மாத்திரத்தில், எந்தத் தேதியில், எந்தச் சாலையில், என்ன குற்றம் செய்தோம், எத்தனை ரிங்கிட் பாக்கி என்பதெல்லாம் சித்திரகுப்தன் ஏட்டைத் திறந்தாற்போல் வந்துவிடுகின்றன. அதே அடையாள அட்டைக்குரியவர், ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டின் கீழே நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்துவிட்டுப் புகார் கொடுத்தவராக இருந்தால், அவருடைய அனுபவம் வேறு. "ரிப்போர்ட் போட்டாச்சு, ஐ.ஓ. போனை எடுக்கவில்லை" என்பது புலனாய்வு அதிகாரியைப் பற்றி நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற வாசகம். சில மாதங்கள் கழித்து, கோப்பு என்.எப்.ஏ. ஆகிவிட்டது, அதாவது மேல்நடவடிக்கை இல்லை என்று, யாரோ யாரிடமோ விசாரித்துச் சொல்லக் கேட்டு மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். அபராதத்தை வசூலிப்பதில் காட்டிய மதிநுட்பத்தில் பாதியையாவது புகாரின் கதியைத் தெரிவிப்பதில் காட்டும்படி கேட்பது பேராசையாகுமா?

இதைக் கருணை மனுவாக நான் கேட்கவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. துன் முகமது சைடின் அப்துல்லா தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம் போலீஸ் படையின் சீர்திருத்தத்துக்காக 125 பரிந்துரைகளை 2005ஆம் ஆண்டு சமர்ப்பித்ததற்குப் பின், 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சட்டத்தில் ஏறிய பிரிவு அது. வாரண்டு இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்தைப் பற்றிப் புகார் கொடுத்த எவரும், நான்கு வாரங்கள் கழிந்த பின், புகார் கொடுத்த காவல் நிலையத்தின் பொறுப்பதிகாரியிடம் புலனாய்வின் நிலையைப் பற்றி அறிக்கை கேட்கலாம். கேட்ட இரண்டு வாரங்களுக்குள் அதிகாரி கொடுத்தாக வேண்டும். புலனாய்வுக்குப் பங்கம் விளைவிக்கும் விவரங்களைத்தான் அவர் தவிர்க்கலாம். இத்தனை தெளிவாக எழுதப்பட்ட உரிமையை நம்மவர்களில் எத்தனை பேர் பிரயோகித்திருக்கிறார்கள்? கோயில் கமிட்டிக் கூட்டங்களிலும், லிட்டில் இந்தியா தேநீர்க் கடைகளிலும், போலீஸைப் பற்றிய குறைகள் பேசப்பட்டு நான் கேட்டதற்கு அளவே இல்லை. 107ஏ என்ற எண்ணை ஒருவர் வாயிலிருந்தும் கேட்டதில்லை. சட்டத்தை இணையத்தில் ஏற்றியதோடு கடமை முடிந்துவிட்டது என்று சர்க்கார் எண்ணுவதும், அதைத் திறந்து பார்க்காமலே அநீதி என்று நாம் அங்கலாய்ப்பதும் ஒன்றுக்கொன்று அனுசரணையாக நடந்துவருகின்றன.

எண்ணிக்கைகளின் விஷயத்திலும் பாதி வெளிச்சமே இருக்கிறது. அரசாங்கத்தின் திறந்த தரவுப் பக்கத்தில் 2016 முதலான குற்றக் கணக்குகள் போலீஸ் மாவட்டவாரியாகக் கிடைக்கின்றன; வடகிழக்கு, தென்மேற்கு, செபராங் பிறையின் மூன்று மாவட்டங்கள் என்று பினாங்கைப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் குற்றக் குறியீடு என்று வழங்கப்படும் அந்தக் கணக்கில் கொலை, கொள்ளை முதலிய வன்முறைக் குற்றங்களும், வீடு புகுந்து திருடுதல், வாகனத் திருட்டு முதலிய சொத்துக் குற்றங்களும் அடங்குமேயன்றி, இந்தக் காலத்தில் குடும்பங்களைக் குப்புறத் தள்ளுகிற மோசடிகள் அடங்கா. அவை வணிகக் குற்றம் என்று வேறு கணக்கில் போகின்றன. மோட்டார் சைக்கிள் திருட்டு குறைந்தது என்று குறியீடு இறங்கும். அதே ஆண்டில் தொலைபேசி வழியாகப் பறிபோன லட்சங்கள் அந்தக் கோட்டை அசைப்பதில்லை. மேலும், பாயான் லெப்பாஸையும் பாலேக் பூலாவையும் ஒரே மாவட்டத்தில் கூட்டிச் சொல்கிற ஓர் எண்ணால், தன் தெருவில் இரவில் நடக்கலாமா என்று யோசிக்கும் தொழிற்சாலைப் பெண்ணுக்கு என்ன பிரயோஜனம்? இங்கிலாந்தில் 2011 முதல் தெருவாரியான குற்றப் படம் இணையத்தில் இருக்கிறது. நமக்குத் தெருவாரி வேண்டாம். காவல் நிலையவாரியாக, மாதந்தோறும், மோசடிகளையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

இனி, பினாங்குக்கே உரிய ஒரு விநோதத்தைச் சொல்ல வேண்டும். மலேசிய மாநிலங்களில் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றியவை சிலாங்கூரும் பினாங்கும். பினாங்கின் சட்டம் 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநகராட்சி ஒரு வடிகாலுக்கு எவ்வளவு செலவழித்தது என்று அந்தச் சட்டத்தின்படி விண்ணப்பம் எழுதிக் கேட்கலாம். பக்கத்துக் காவல் நிலையத்தில் சென்ற ஆண்டு பதிவான புகார்களில் எத்தனை நீதிமன்றம் போயின என்று கேட்க முடியாது. ஏனெனில் அது கூட்டரசின் ஏடு, கூட்டரசின் ஏட்டின்மீது 1972ஆம் ஆண்டின் அரசாங்க ரகசியச் சட்டத்தின் நிழல் விழுந்திருக்கிறது. இதற்கிடையே, 2019 ஜனவரியில் முகத்தை அடையாளம் காணும் கண்காணிப்புக் கேமரா முறை இந்நகரில் தொடங்கிவைக்கப்பட்டது. சாலையில் போகிற என் முகத்தை மாநிலத்தின் செலவில் போலீஸ் தெரிந்துகொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் எல்லைப் பிரச்சினை எழவில்லை. போலீஸின் ஏட்டை நான் தெரிந்துகொள்ளலாமா என்று கேட்கும்போதுதான் மாநிலம், கூட்டரசு என்ற பாகுபாடு சுவராக எழுந்து நிற்கிறது.

இதில் அசாத்தியமாக எதுவும் இல்லை என்பதற்கு நம் உறவினர் வாழும் தேசங்களே சாட்சி. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமும் போலீஸையும் கேள்விக்கு உட்படுத்துகின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவின்படி, பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற நுண்ணிய வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகள் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றப்பட வேண்டும். தமிழ்நாட்டுப் போலீஸின் அகப்பக்கத்தில் அவற்றைத் தேடிப் படிக்கலாம். அந்நாட்டுப் போலீஸை உத்தமமான முன்மாதிரியாக நான் காட்ட வரவில்லை. அங்கு லாக்கப் மரணங்கள் ஓயவில்லை. ஆயினும் அந்த மரணங்களின் எண்ணிக்கை தேசியக் குற்றப் பதிவேட்டுக் கூடத்தின் வருடாந்தர ஏட்டில் மாநிலவாரியாக அச்சாகிறது. இங்கோ, தடுப்புக் காவல் மரணங்களைப் பற்றி நம் சமூகம் நெடுங்காலமாகக் கலக்கத்தோடு கேட்டுவரும் கேள்விக்கு, யாரேனும் நாடாளுமன்ற உறுப்பினர் எழுத்து மூலம் கேட்கிறபோதுதான் பெரும்பாலும் எண்ணிக்கை வெளிவருகிறது. போலீஸ் நடத்தையை விசாரிக்க 2023 ஜூலை முதல் ஒரு சுயேச்சை ஆணையம் இயங்குகிறது; ஆணையம் விசாரிப்பது ஒன்று, ஜனங்கள் தாமே எண்ணிப் பார்ப்பது இன்னொன்று.

ஏட்டைத் திறந்தால் ஊரின் மானம் போய்விடும், சுற்றுலாப் பயணிகள் அஞ்சுவார்கள், வீட்டு விலை சரியும் என்போர் உண்டு. அவர்களுக்கு இந்த ஊரின் பழைய சரித்திரத்தையே பதிலாகச் சொல்வேன். 1867 ஆகஸ்டில் கீ ஹின், துவா பெக் கோங் என்னும் இரண்டு சீன ரகசியச் சங்கங்களும், அவற்றோடு சேர்ந்துகொண்ட வெள்ளைக்கொடி, செங்கொடிச் சங்கத்தாரும் ஜார்ஜ் டவுன் வீதிகளில் நாள்கணக்கில் வெட்டி மடிந்தார்கள். மறு ஆண்டே ஒரு விசாரணைக் குழு சாட்சிகளை அழைத்து, அவர்கள் சொன்னதைப் பதிவு செய்து, அறிக்கையாகப் பிரசுரித்தது. காலனி சர்க்கார் ஜனநாயக வாஞ்சையால் அதைச் செய்யவில்லை. சங்கங்களை அடக்க ஒரு சட்டம் அதற்குத் தேவைப்பட்டது, 1869இல் அதையும் நிறைவேற்றிக்கொண்டது. என்றாலும் அச்சான சாட்சியங்களைப் படித்து ஊர் அழிந்துபோகவில்லை. புகார் கொடுத்தவரின் பெயரும் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளமும் நடந்துகொண்டிருக்கும் புலனாய்வின் விவரமும் மறைக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. மறைக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டுவிட்டு மற்றவற்றைத் திறப்பது ஒரு சட்ட வரைவாளருக்குச் சில நாள் வேலை. கூட்டரசு அளவிலும் தகவல் சுதந்திரச் சட்டம் ஒன்று வேண்டும் என்ற பேச்சு அமைச்சரவை வரைக்கும் போயிருக்கிறது. அது சட்டமாகும்போது போலீஸ் படை முழுவதையும் ஒரே வரியில் விதிவிலக்காக்கிவிட்டால், பினாங்குச் சட்டத்துக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும். வரைவு அவைக்கு வருமுன் நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்டுவைக்க வேண்டியது அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

அதுவரைக்கும், கையில் இருக்கும் 107ஏ பிரிவைப் பிரயோகிப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இந்தச் சட்டங்களும் பக்கங்களும் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலுமே இருப்பதால், தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்த முதியவர்களுக்கு அவை இருந்தும் இல்லாதவையே. நம் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் ஆண்டு மலருக்குச் செலவழிக்கும் காகிதத்தில் இரண்டு பக்கங்களை ஒதுக்கி, அந்தப் பிரிவின் சாரத்தைத் தமிழிலும், கீழே கையொப்பமிட்டு அனுப்பத் தக்க ஒரு விண்ணப்பத்தை மலாயிலும் அச்சிடலாம். புகார் எண், புகார் கொடுத்த தேதி, நிலையத்தின் பெயர், அடையாள அட்டை எண் இவ்வளவே அதில் நிரப்ப வேண்டியவை. விண்ணப்பத்தைக் கொடுத்ததற்குப் பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு வாரங்களில் அறிக்கை வராவிட்டால் அந்தப் பிரதியோடு பப்ளிக் பிராசிக்யூட்டருக்கு எழுதலாம். அவர் மாவட்டப் போலீஸ் தலைவரிடமிருந்து அறிக்கை வரவழைத்தாக வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.