பால் பொங்கினால் போதுமா?

சென்ற தை மாதத்தில், அரியலூர்ப் பக்கம் விக்கிரமங்கலத்தில் ஒரு கிருகப் பிரவேசத்துக்குப் போயிருந்தேன். அழைத்தவள் என் ஒன்றுவிட்ட அத்தை. வீடு நமக்குப் பழக்கமான செங்கல் வீடு அல்ல. தொழிற்சாலையிலே செய்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்தின வீடு. இரும்புச் சட்டம் நிறுத்தி, பலகைச் சுவர்களை முடுக்கி, மேலே தகடு போட்டு, மூன்றே நாளில் எழுப்பி விட்டார்களாம். ஊரார் அதற்கு 'ரெடிமேட் வீடு' என்று பெயரும் வைத்து விட்டார்கள். அத்தையின் மகன் துபாயிலிருந்து 30 நாள் லீவில் வந்திருந்தான். வாசலில் வாழை மரம், பந்தல், ஒலிபெருக்கி, நூறு பேருக்குச் சாப்பாடு. ஒரு குறையும் இல்லை.

குறைகள் எல்லாம் வீட்டுக்குள்ளேதான் இருந்தன. விளக்கு எரிந்தது, ஆனால் அது பக்கத்து வீட்டிலிருந்து கம்பி இழுத்த கரண்டு. போர் போட்டிருந்தது, மோட்டார் வரவில்லை. இரும்புச் சட்டத்தைப் பேஸ்மட்டத்தோடு பிணைத்த போல்ட்டுகளைச் சுற்றி, இரண்டு மூன்று இடங்களில் சிமெண்டு வெடித்திருந்தது. பந்தி முடிந்ததும் நான் கொல்லைப்புறம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஏன் அத்தை, கக்கூஸ் எங்கே?" என்று கேட்டேன்.

"தொட்டிக்கு இன்னும் மூடி போடலைப்பா. குழாயும் சேர்க்கலை. நாள் பார்த்தாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு, அவனுக்கும் லீவு முடியுது. என்ன பண்றது, தம்பி?" என்றாள்.

இந்த 'என்ன பண்றது' என்ற வார்த்தையின் மேல்தான் எனக்குச் சண்டை. நம் வீடுகளில் பாதிச் சங்கடங்கள் இந்த வார்த்தையைச் சொல்லித்தான் உள்ளே நுழைகின்றன.

நடந்தது இதுதான். '60 நாளில் வீடு' என்று விற்றவர்கள் சொன்னார்கள். அதை நம்பி ஆவணியில் பழைய ஓட்டு வீட்டை இடித்தார்கள். அந்த வீட்டில் கக்கூஸ் இருந்தது, அதுவும் போயிற்று. அஸ்திவாரம் தோண்டினார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் சும்மா இருக்குமா? குழிகள் குளமாயின. மார்கழிக் கடைசியில் அவசர அவசரமாகப் பேஸ்மட்டத்துக்குக் காங்கிரீட் போட்டார்கள். அது இறுகி முடிவதற்குள் லாரி வந்து விட்டது. லாரி வந்தால் கிரேன் வர வேண்டும். கிரேனுக்கு வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே பச்சைக் காங்கிரீட்டின் மேலேயே இரும்பை நிறுத்தினார்கள். 60 நாள் என்ற கணக்கு தொழிற்சாலைக்குள் நடக்கும் வேலையின் கணக்கு. மழையையும், மண்ணையும், மின்சார வாரியத்து வரிசையையும், கொத்தனாருக்கு வந்த காய்ச்சலையும் எந்தத் தொழிற்சாலையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அரியலூர் ஜில்லாக்காரர்களுக்குச் சிமெண்டைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியம். அரசாங்கமே 1979 முதல் அங்கே சிமெண்டு ஆலை நடத்துகிறது. தனியார் ஆலைகள் வேறு. அந்த ஆலைகளுக்கு இரையாகும் சுண்ணாம்புக் கல், ஆறு கோடி வருஷத்துக்கும் முன்னால், அந்தப் பிரதேசம் கடலாய்க் கிடந்த காலத்தில் படிந்தது. அத்தனை காலம் பொறுத்துக் கிடந்த கல், சிமெண்டாகிக் காங்கிரீட்டில் சேர்ந்த பிறகு நம்மிடம் கேட்பது இன்னும் சில நாள் அவகாசமும் கொஞ்சம் தண்ணீருந்தான். காங்கிரீட்டைப் பற்றிய 2000-ஆம் வருஷத்து இந்தியத் தர விதி, ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைக்கச் சொல்கிறது. வெயில் காய்கிற இடத்தில் 10 நாள். சாம்பல் முதலியவை கலந்த சிமெண்டானால் 14 நாள் வரைக்கும் நீட்டுவது நல்லது என்கிறது. காங்கிரீட்டின் பலத்தைக் கணக்கிடுவதோ 28-ஆம் நாளில். சிமெண்டு விளைகிற ஜில்லாவிலேயே சிமெண்டுக்குப் பதினாலு நாள் கொடுக்க மனம் வரவில்லையென்றால் என்ன சொல்வது?

நான் பஞ்சாங்கத்துக்கு விரோதி என்று யாரும் நினைக்க வேண்டாம். பஞ்சாங்கத்தைச் சரியாகப் படித்தால் அது என் கட்சியைத்தான் பேசுகிறது. மனை பூஜைக்கு வாஸ்து நாள் பார்க்கிறார்களே, அந்த வாஸ்து புருஷன் வருஷத்தில் எட்டு நாள்தான் கண் விழிக்கிறான். விழித்திருப்பது மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிஷம். அதற்குள் பல் விளக்குகிறான், குளிக்கிறான், பூஜை செய்கிறான், சாப்பிடுகிறான், வெற்றிலை போடுகிறான். ஒவ்வொன்றுக்கும் 18 நிமிஷம். கடைசி இரண்டும், அவன் உண்டு களித்து உட்கார்ந்திருக்கும் அந்த 36 நிமிஷமுமே, விசேஷம் என்பார்கள். இத்தனை குறைந்த நேரம் விழித்திருப்பவன்கூடக் குளிக்காமல் சாப்பிட உட்காரவில்லை. அடுத்த தூக்கத்துக்கு நேரமாகிறது என்று ஒரு வேலையையும் தாண்டிக் குதிக்கவில்லை. நாமோ அவனுக்குப் பூஜை போட்டுவிட்டு, அவன் காட்டுகிற வரிசையை மட்டும் விட்டு விடுகிறோம்.

இந்த அவசரம் விக்கிரமங்கலத்துக்கு மட்டும் சொந்தமல்ல, சர்க்காருக்கும் உண்டு. தேசப் பிரிவினைக்குப் பிறகு வீடில்லாதவர்கள் பெருகியபோது, தில்லியில் இந்திய அரசாங்கமே ஒரு வீட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தது. ஜெர்மனியில் பிறந்து மைசூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்த ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்ற கட்டடக் கலைஞர் அப்போது மத்திய அரசின் வீட்டு வசதித் துறை டைரக்டர். நுரைக் காங்கிரீட்டில் சுவர்ப் பலகைகளை வார்த்து, கொண்டுபோய் நிறுத்தி, வீடுகளை விரைவாக எழுப்பி விடலாம் என்பது திட்டம். பலகைகள் உறுதியாக அமையாமல் வெடித்தன. முயற்சி கேலிக்கு இடமாயிற்று. 1951-ல் கோனிக்ஸ்பெர்கர் இந்தியாவை விட்டே போய் விட்டார். 1953-ல் அந்தத் தொழிற்சாலை ஹிந்துஸ்தான் ஹவுசிங் ஃபாக்டரி என்ற கம்பெனியாக மாறிப் பிற்பாடு வேறு வழியில் பிழைத்துக்கொண்டது. யோசனையில் பிழையில்லை. பக்குவப்படாத பொருளை வைத்து நாளைக் குறித்ததுதான் பிழை.

நம் காலத்து உதாரணம் சென்னைக்குப் பக்கத்தில் பெரும்பாக்கம். முன்கூட்டியே வார்த்த காங்கிரீட் பாகங்களைப் பொருத்தி அங்கே 1,152 வீடுகள் எழுந்தன. 2021 ஜனவரி 1-ல் அடிக்கல். ஓராண்டில் முடிப்பது என்று இலக்கு. திறப்பு விழா 2022 மே 26-ல் நடந்தது. நடுவில் கொரோனாவின் இரண்டாம் அலை வந்து போயிற்று. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை; இத்தனை பெரிய வேலைக்குப் பதினேழு மாதம் என்பது சாதனையே. ஆனால் சர்க்காரே, எஞ்சினீயர்களும் பணமும் கையில் இருக்கும்போதே, ஐந்து மாதம் பின்னுக்குப் போக நேரிட்டால், ஒரு விதவைத் தாயின் வீட்டுக்கு ஒரு மாதமாவது உபரியாக வைக்க வேண்டாமா?

பட்டணத்து வாசகர்கள், "இதெல்லாம் கிராமத்துச் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் அடுக்குமாடியில் நடப்பது என்ன? ஒரு கையால் வாடகையும் மறு கையால் வங்கித் தவணையும் கட்டிக் கட்டிச் சலித்துப் போய், லிப்டு ஓடுமுன்னே, குடிநீர் வருமுன்னே, 'ஆவணியில் நல்ல நாள்' என்று பாலைக் காய்ச்சிவிட்டுச் சாமானை ஏற்றுகிறீர்கள். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம், சொன்ன நாளில் வீட்டை ஒப்படைக்காதவர் ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி தர வேண்டும் என்கிறது. எதுவரையில்? வீட்டை ஒப்படைக்கும் வரையில். பாதி வேலையோடு சாவியை வாங்கிக்கொண்டு விட்டால் பிறகு வாதாடித்தான் தீர வேண்டும். ஒரு முகூர்த்தத்துக்காக உங்கள் பிடியை நீங்களே தளர்த்திக்கொள்கிறீர்கள்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் சொல்வார்கள். "நாள் குறித்தால்தான் ஐயா, வேலைக்காரன் வேலை செய்வான்" என்பது முதலாவது. இதில் உண்மை இருக்கிறது. குறியுங்கள், ஆனால் இரண்டு நாளாகக் குறியுங்கள். வேலைக்காரனுக்கு ஒரு நாள். நமக்கு அதற்கு ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள். அந்த இரண்டாவது நாளைக் கொத்தனார் காதில் போடாதீர்கள். "பிள்ளைக்கு லீவு முடிகிறதே" என்பது இரண்டாவது. இது கண்ணீர் கலந்த ஆட்சேபம். எளிதில் தள்ளிவிட மாட்டேன். பிள்ளை ஊரில் இருக்கும்போதே பாலைக் காய்ச்சுங்கள், படம் எடுங்கள், பந்தி போடுங்கள். ஆனால் அன்றே குடியேற வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் கட்டளை இடவில்லை. காய்ச்சிய பாலைக் குடித்துவிட்டுப் பழைய வீட்டுக்குத் திரும்பிப் போகலாம், பழைய வீடு நின்றிருந்தால்!

ஆகையால் என் யோசனை எளியது. கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள். குடியேறுகிற அன்று சொந்த மீட்டரில் கரண்டு ஓட வேண்டும். ஆகவே மனு என்றைக்குப் போட வேண்டும்? தண்ணீர் வர வேண்டும், மோட்டார் என்றைக்கு? கழிவுத் தொட்டி கட்டி, இறுகி, மூடி போட்டிருக்க வேண்டும். ஆகவே அது வீட்டுக்கு முந்தின வேலை, பிந்தினது அல்ல. பேஸ்மட்டம் 28 நாள் கண்ட பிறகுதான் லாரியை அனுப்பச் சொல்ல வேண்டும். ஆகவே தையில் குடியேற ஆசைப்படுகிறவன் மழைக்கு முன்னே, ஆவணிக்குள், காங்கிரீட்டை முடித்திருக்க வேண்டும். முடியவில்லையா? வைகாசியில் முகூர்த்தமே இல்லையா? பழைய வீட்டை இடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரே மனையாயிருந்து இடித்துத்தான் ஆக வேண்டுமென்றால், விற்றவர் சொன்ன காலத்தைப்போல் இரண்டு பங்குக்கு வாடகை வீடு பேசி, அந்தப் பணத்தையும் வீட்டுச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

பங்குனியில் மறுபடி விக்கிரமங்கலம் போனேன். மகன், விழா முடிந்த எட்டாம் நாளே விமானம் ஏறி விட்டான். தொட்டிக்கு மூடி விழுந்தது மாசிக் கடைசியில். நடுவிலே நாற்பது நாளுக்கு மேல், எழுபது தாண்டிய அந்த அம்மாள் விடிவதற்கு முன்னால் டார்ச்சு விளக்கை எடுத்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குப் போய் வந்திருக்கிறாள். இரவில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தி விட்டாளாம். மகனிடம் இதைச் சொல்லவில்லை. தொலைபேசியில் அவன் கேட்டபோதெல்லாம், "சௌகரியமா இருக்கேம்பா" என்றுதான் பதில். பாலைவனத்து வெயிலில் அவன் சம்பாதித்தது யாருக்காக என்று நினைத்துப் பார்த்தேன்.

"வீடு பிடிச்சிருக்கா அத்தை?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு என்ன தம்பி, நல்லாத்தான் இருக்கு. அதுக்குள்ளே நாங்க வந்ததுதான் முந்திப் போச்சு" என்றாள்.

பத்திரிகை அச்சடிக்கப் போகிறவர்கள் அச்சாபீசுக்குப் போகுமுன் ஒரு தடவை புது வீட்டுக் கொல்லைப்புறம் போய்ப் பார்த்துவிட்டுப் போகட்டும். அங்கே தொட்டிக்கு மூடி இருந்தால் சந்தோஷமாக அச்சடிக்கலாம். எனக்கும் ஒன்று அனுப்பலாம்.