டெக்கி ஸ்டோர்: பிளக்இன் ரெடி, டெஸ்ட் பண்ண ஆள் எங்கே?

வால்வ் நிறுவனம் 2022-ல் கொண்டுவந்த கையடக்க கேமிங் கருவி, ஸ்டீம் டெக். அதில் வால்வ் தராத வசதிகளை ரசிகர்களே எழுதிச் சேர்க்க உதவுவது 'டெக்கி லோடர்' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். ஒரு கேம் டெக்கில் ஓடுமா என்று ரேட்டிங் காட்டும் புரோட்டான்டிபி பேட்ஜ், மெனுவின் தோற்றத்தையே மாற்றும் சிஎஸ்எஸ் லோடர் எல்லாம் இப்படி வந்தவைதான்.

எழுதி முடித்ததும் நேராக ஸ்டோருக்குள் போய்விட முடியாது. கிட்ஹப்பில் 'புல் ரிக்வெஸ்ட்' போட வேண்டும். கோடிங்கை ஒருவர் பார்க்க வேண்டும். வேறொருவர் தன் டெக்கில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாருமே சம்பளமில்லாத தன்னார்வலர்கள். காத்திருப்பு நீளத்தான் செய்யும். 'ஒரு சின்ன பிளக்இனுக்கு இவ்வளவு பில்டப்பா?' என்று கடுப்பாவதும் புரிகிறது.

ஆனால், சில பிளக்இன்கள் ரூட் அனுமதியோடு ஓடுபவை. அதாவது கருவியில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், அழிக்கலாம். ஸ்டோரில் இருக்கிறதே என்று நம்பி இன்ஸ்டால் தட்டுகிறவர் கோடிங்கையா படிக்கப் போகிறார்? அவருக்காக யாரோ ஒருத்தர் படித்தே ஆகணும். செக்கிங்கைத் தளர்த்தச் சொல்வது தப்பு. பற்றாக்குறை டெஸ்டர்களுக்குத்தான். வரிசையில் நிற்கிற டெவலப்பரே முன்னால் இருக்கும் இரண்டு பேருடைய பிளக்இன்களை ஓட்டிப் பார்த்து ரிப்போர்ட் போட்டால் வரிசை நகரும். டெக் கையில்தானே இருக்கு?