ஹைட்ரஜன் கணக்கில் மெத்தனால் எதற்கு?

வெயிலில் வைத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எரிபொருள் தரும் வினையூக்கித் தூள் தயார் என்று அடிக்கடி செய்தி வருகிறது. ஆய்வறிக்கையைத் திறந்து பார்த்தால், பலவற்றில் தண்ணீரோடு மெத்தனாலோ ட்ரைஎத்தனாலமைனோ கலந்திருக்கிறது. ஒளி பட்டுக் கிளம்பும் எலெக்ட்ரான் ஹைட்ரஜனை உண்டாக்கும். அது விட்டுச்சென்ற துளை, தண்ணீரிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிக்க வேண்டும். இரண்டாவது வேலைதான் கடினம். அதிலிருந்து தப்பிக்கவே மெத்தனால். ஒரு எரிபொருளைச் செலவழித்து இன்னொன்றை எடுத்துவிட்டு, தண்ணீரைப் பிளந்தோம் என்று சொல்வது நியாயமல்ல.

1972-ல் ஜப்பானின் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் இத்துறைக்கு வித்திட்டார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனை மீது புறஊதா ஒளி விழ, எதிரிலிருந்த பிளாட்டினத்தில் ஹைட்ரஜன் வந்தது. ஆனால், சூரிய ஆற்றலில் புறஊதாவின் பங்கு சுமார் 5% தான்.

பிளாட்டினத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. எலெக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜன் உருவாக இடம்கொடுக்கும் அதே உலோகத்தின் மீது, ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி மறுபடியும் தண்ணீராகிவிடும். ஜப்பானிய வேதியியலாளர் கசுனாரி டோமென் குழு கண்ட தீர்வு அபாரமானது: ரோடியம் துகளைச் சுற்றி மெல்லிய குரோமியம் ஆக்சைடு உறை. உள்ளே உருவாகும் ஹைட்ரஜன் வெளியேறிவிடும்; ஆக்ஸிஜனால் உள்ளே நுழைய முடியாது. அலுமினியம் சேர்த்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகத்தின் ஒரு முகத்தில் இதையும் மற்றொரு முகத்தில் கோபால்ட்டையும் படியவைத்தபோது, குறிப்பிட்ட புறஊதா ஒளியில் குவாண்டம் திறன், அதாவது விழுந்த ஒளித்துகள்களில் வினைக்குப் பயன்பட்டவற்றின் பங்கு, 96% வரை எட்டியது. இது 2020-ல் வெளியான முடிவு. கலப்பில்லாத தண்ணீரில் கிடைத்தது.

அடுத்த ஆண்டு, இதே வகைத் தூள் பூசிய 100 சதுர மீட்டர் பலகைகளைத் திறந்தவெளியில் மாதக்கணக்கில் இயக்கிய முடிவை வெளியிட்டார்கள். சூரிய ஆற்றலில் ஹைட்ரஜனாக மாறியது அதிகபட்சம் 0.76%. சூரியத் தகடும் மின்னாற்பகுப்புக் கருவியும் சேர்ந்தால் 10 சதவீதத்தைத் தாண்டிவிடும் என்பதால், சந்தைக்கு இது இன்னும் வெகுதூரம். ஆனாலும், நிஜ வெயிலில் கிடைத்த இந்தச் சிறிய எண்ணைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

2023 ஜனவரியில் இந்தியா ஒப்புதல் அளித்த தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் மதிப்பு ரூ.19,744 கோடி, அதில் ஆய்வுக்கு ரூ.400 கோடி. அந்தப் பணத்தை ஒளிவினையூக்கி ஆய்வுகளுக்குப் பகிர்ந்தளிப்பவர்கள் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: வெறும் தண்ணீரில், வெயிலில் எத்தனை சதவீதம்? எத்தனை நாள் தாங்கியது?