ஈசிஜி தாளை நோயாளியும் பார்க்கட்டும்

கனடாவின் முதல் இதய மாற்று அறுவைச் சிகிச்சை 1968-இல் மொன்றியல் இதய நிறுவனத்தில்தான் நடந்தது. 2008-இல் அதே நிறுவனத்தின் டெனி ருவா தலைமையிலான ஆய்வு, சீரற்ற துடிப்போடு இதயச் செயலிழப்பும் கொண்ட 1,376 பேரை ஆராய்ந்தது. துடிப்பை ஒழுங்குபடுத்துவது, வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவது ஆகிய இரு சிகிச்சைகளிலும் இதயநோய் மரணங்கள் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தன.

இதயச் சிகிச்சையில் இவ்வளவு முன்னேறிய மொன்றியலிலும் பல நோயாளிகள் தங்கள் ஈசிஜி தாளைப் பார்ப்பதே இல்லை. இது மாற வேண்டும்.

அடிப்படை எளிது. வழக்கமான வேகத்தில் ஓடும் தாளில் ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. சீரான துடிப்பில், இரு கூர்முனைகளுக்கு இடையே 4 பெரிய கட்டங்கள் இருந்தால், 300-ஐ 4-ஆல் வகுக்க வேண்டும்: நிமிடத்துக்கு 75 துடிப்பு. ஒவ்வொரு கூர்முனைக்கும் முன்னால் சிறிய பி அலை வரும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற துடிப்பில் பி அலை மறைந்துவிடும், அடிக்கோடு நடுங்கும், கூர்முனைகளின் இடைவெளி தாறுமாறாகும். இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்த ரத்தக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். இந்தக் கோளாறு இல்லாதவர்களைவிட அந்த அபாயம் சுமார் ஐந்து மடங்கு. பலருக்கு அறிகுறியே தெரியாது.

அகன்ற கூர்முனைகள் அதிவேகமாக ஓடினால், அது கீழறையில் தோன்றும் அதிவேகத் துடிப்பான வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியாவாக இருக்கலாம். உடனடிச் சிகிச்சை தேவை.

தாளைப் படித்து முடிவுசெய்வது மருத்துவரின் வேலை. கேள்வி கேட்பது நம் உரிமை. 65 வயதைக் கடந்த பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈசிஜி எடுத்தால் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.