‘தேறமாட்டார்’ என்று எழுதும் கைகளுக்கு

திமிரியிலிருந்து ஆற்காடு போய், பஸ் மாறி வேலூர் சேர்ந்து, முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் பாலிகிளினிக்கில் சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மாத்திரையோடு வீடு திரும்பினால் ஒரு பகல் முடிந்துவிடும். இரவில் ஷூ கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. மனைவிக்கு ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கம்பெனியில் வேலை. துணைக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. இப்படி வாழ்கிற ஒரு மிலிட்டரிக்காரர் நாலாவது வாரம் போகாமல் நின்றுவிட்டால், ‘சிகிச்சையைத் தொடரவில்லை’ என்று அவருடைய தாளில் ஏறும். பஸ்ஸைப் பற்றியோ நைட் ஷிஃப்டைப் பற்றியோ அதில் ஒரு சொல் இருக்காது. அடுத்த முறை போகும்போது அந்த ஒற்றை வரியே அவருக்கு ஜாதகம் ஆகிவிடுகிறது: குடிக்கிறவர், ஒழுங்காக வராதவர், தேறமாட்டார்.

இந்த ஜாதகம் கணிக்கும் வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

போர்க்களத்தின் அதிர்ச்சி மனதில் தங்கி நோயாவதை மருத்துவ உலகம் 1980இலேயே பி.டி.எஸ்.டி. என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. நம் ஊரில் அதற்கு இன்னும் நோய் என்ற பெயர் கிடைக்கவில்லை. தீபாவளி வெடிச் சத்தத்துக்கு வீட்டை விட்டே போய்விடுகிறவரை, நள்ளிரவில் எழுந்து கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை சரிபார்க்கிறவரை, பிள்ளை பின்னாலிருந்து தொட்டால் கையை ஓங்கிவிடுகிறவரை, ‘மிலிட்டரிக்காரர் அப்படித்தான், முன்கோபி’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அக்கம்பக்கத்தார் அப்படிச் சொல்வது அறியாமை. சம்பளம் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்கும் அமைப்பும் அதே கண்ணோடு பார்த்தால் அது குற்றம்.

யாருக்கு எந்த வைத்தியம் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது எவ்வளவு கடினம் தெரியுமா? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் பி.டி.எஸ்.டி.க்கென்றே 1989இல் ஒரு தேசிய மையம் தொடங்கினார்கள். இத்தனை ஆண்டு ஆய்வுக்குப் பிறகும் அங்கே திணறுகிறார்கள். அவர்களுடைய முதன்மையான பேச்சுச் சிகிச்சைகள் இரண்டில் ஒன்றைப் பெற்ற படைவீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சிகிச்சைக்குப் பிறகும் நோயின் வரையறைக்குள்ளேயே இருந்தார்கள் என்று 2015இல் வந்த தொகுப்பாய்வு ஒளிக்காமல் சொன்னது. அவர்களில் பலருக்குத் தொல்லை கணிசமாகக் குறைந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொன்னது. கெட்ட கனவுக்குக் கொடுக்கப்படும் பிரசோசின் மாத்திரையை 304 படைவீரர்களிடம் சோதித்த பெரிய ஆய்வு, அதற்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கும் வித்தியாசமில்லை என்று 2018இல் அறிவித்தது. ஆனால் அதே மாத்திரை, தொடக்கத்தில் ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களுக்கு நன்றாக வேலை செய்தது என்று அதற்கு முந்தைய ஆய்வொன்று காட்டியிருந்தது. ஒருவருக்குப் பலிக்காதது இன்னொருவருக்குப் பலிக்கிறது. அந்த வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் ஒவ்வொரு முறையும் அளக்கிறார்கள்: இருபது கேள்விகள், பூஜ்யம் முதல் 80 வரை மதிப்பெண். பத்து நிமிடத்தில் முடிகிற காரியம்.

அளந்து அளந்து பார்ப்பவர்களே ‘உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று தயங்கும்போது, அளவுகோலே எடுக்காதவர்களுக்கு ‘தேறமாட்டார்’ என்று சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

2021 ஜனவரியை மறக்கவில்லை. ராணுவத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் கடும் மன அழுத்தத்தில் இருப்பதாக, டெல்லியிலுள்ள யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிட்யூஷனில் பணியில் உள்ள கர்னல் ஒருவர் செய்த ஆய்வு செய்தியானது. எதிரியின் குண்டைவிடத் தற்கொலையாலும் தங்களுக்குள் சுட்டுக்கொள்வதாலும் ஆண்டுதோறும் கூடுதல் உயிர்கள் போகின்றன என்றும் அது சொன்னது. சுமார் 400 பேரிடம் கேட்டது போதாது என்று ராணுவத் தரப்பு தள்ளியது. ஆய்வும் இணையதளத்திலிருந்து அகன்றது. 400 போதாது என்றால் 40,000 பேரிடம் கேட்டிருக்க வேண்டும். சின்னக் கணக்கைத் துடைத்துவிட்டுப் பெரிய கணக்கைப் போடாமல் இருப்பதற்குப் பெயர் அறிவியல் எச்சரிக்கை இல்லை, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கடன் உண்டு. 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இந்திய அமைதிப்படையில் ஈழம் போன நம் பிள்ளைகள், தாங்கள் பேசும் மொழியிலேயே அழுகுரல் கேட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே மாண்டார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தமிழர் பட்ட துயரத்தை எண்ணினால் அந்த முடிவுக்கு அரசியல் நியாயம் இருந்தது. ஆனாலும் கட்டளைக்குப் போன சிப்பாய் யாரிடமும் வாய் திறக்க முடியாமல் ஊர் வந்து சேர்ந்தார். அதிர்ச்சிக்குப் பிறகு சுற்றத்தின் ஆதரவு கிடைக்காமல் போவது இந்த நோயை வளர்க்கும் வலுவான காரணங்களில் ஒன்று என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. அன்று இருபது வயதில் போனவர் இன்று அறுபதை ஒட்டி நிற்கிறார். பேசியிருந்தால் இறங்கியிருக்கும் பாரத்தை கேன்டீன் ரம்மில் கரைக்கப் பார்த்தார். குடித்ததைத் தாளில் எழுதிவைக்கிறோம். எதனால் குடிக்கத் தொடங்கினார் என்று கேட்டு எழுதியவர் யார்?

மருத்துவ வாரியங்களின் பழைய பல்லவி இன்னொரு கொடுமை. ‘பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல’ என்று ஒரே வரியில் ஊனப் பென்ஷனை மறுக்கும் வழக்கம். நல்ல உடம்போடு சேர்த்துக்கொண்ட ஒருவருக்குப் பின்னால் நோய் வந்தால் அது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டுவது அரசின் பொறுப்பு என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. மனநோய் காரணமாக வெளியே அனுப்பப்பட்ட ஒரு வீரரின் வழக்கில், காரணம் எழுதாத வாரிய முடிவு செல்லாது என்று 2025 மே மாதம் மறுபடி சொன்னது. இரண்டு தீர்ப்புக்கு நடுவே பன்னிரண்டு ஆண்டுகள். ஒரே பாடத்தை இந்த நாட்டின் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு எத்தனை முறை நடத்துவது?

திருத்திக்கொள்ளுங்கள். பாலிகிளினிக்கில் மனநலத்துக்காக வரும் ஒவ்வொருவரையும் முதல் நாளும் அதன் பிறகு ஒவ்வொரு வருகையிலும் தமிழில் கேட்டு அளந்து எழுதுங்கள். எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதைப் பெயர் மறைத்து ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வையுங்கள். பேச்சுச் சிகிச்சைக்கு வாரம் ஒரு முறையாகப் பத்துப் பன்னிரண்டு வாரம் வர வேண்டியிருக்கும். அதற்கான பஸ் கட்டணத்தையும் துணைக்கு வரும் மனைவியின் ஒருநாள் கூலியையும் மருந்துச் செலவோடு சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. வேலூரில் மனநல மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. திமிரிக்கும் ஆரணிக்கும் பேர்ணாம்பட்டுக்கும் மாதம் இரு முறையாவது அது நடந்து வரட்டும். முழுச் சிகிச்சையும் கொடுத்துப் பார்க்காத வரையில், ‘தேறமாட்டார்’ என்று எந்த வீரரின் தாளிலும் எழுதாதீர்கள். ஏற்கெனவே எழுதியிருந்தால், அவரை மீண்டும் அழைத்து, அந்த வரியை அவர் கண்முன்னே அடியுங்கள்.