மாத்திரையோடு முடிகிற காரியமா?

குற்ற வழக்கில் சிக்கிய மனநோயாளிக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தால் போதும், வீடு, கூலி, ஊர்ப்பேச்சு எல்லாம் மருத்துவத்துக்கு வெளியே என்று சிலர் வாதிடுகிறார்கள். மரக்காணம் உப்பளத்தில் இந்த வாதம் ஒரு கோடை தாங்காது.

சித்திரை வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாருகிறவர் லித்தியம் என்ற மனநோய் மருந்து சாப்பிடுபவராக இருந்தால் என்ன ஆகும்? வியர்த்து உடம்பில் நீர் வற்ற, இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகும். கை நடுங்கும், கால் தள்ளாடும், பேச்சு குழறும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறான் என்பார்கள். பழைய வழக்கு உள்ளவர் என்றால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள். ஐப்பசி மழையில் அளம் மூழ்கிவிட்டால் கூலியும் இல்லை, மருந்து வாங்கப் போக பஸ் காசும் இல்லை. நிழலும் குடிநீரும் இங்கே சிகிச்சையேதான்.

விடுதலையும் மாத்திரையோடு முடிவதில்லை. மனநிலை காரணமாக விடுவிக்கப்பட்டவரை உறவினரோ நண்பரோ மனுப் போட்டு, உத்தரவாதம் கொடுத்து அழைத்துப் போகலாம். ஆள் இல்லாதவர்? அசாமின் மச்சாங் லாலுங் 1951இல் கைதானார். குணமாகிவிட்டார் என்று 1967இலேயே மருத்துவமனை சொன்னது. வெளியே வந்தது 2005இல், ஒரு ரூபாய்ப் பிணையில். அந்த 38 ஆண்டுகளை எந்த மாத்திரைக் கணக்கில் எழுதுவது?

குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். தங்க இடம் ஏற்பாடு செய்யாத அரசு அந்தச் சட்டத்தை மீறுகிறது; வெயில் படாத வேலையும் இல்லாவிட்டால் அதன் நோக்கம் நிறைவேறாது.